புளோரிடாவின் விநோதக் குற்றச் செய்திகளை ஆவணத்தோடு வைத்துப் படிப்பது எப்படி?

‘புளோரிடா ஆசாமி’ (Florida Man; இணையத்தில் கேலியாகப் புழங்கும் தலைப்பு) என்று தொடங்கும் விநோதமான கைதுச் செய்தி ஒன்று கண்ணில் பட்டால், அந்த அமெரிக்க மாநிலத்து மக்களைப் பற்றி முடிவுக்கு வருவதற்கு முன், அச்செய்தி எந்த ஆவணத்திலிருந்து எழுதப்பட்டது என்று பாருங்கள். ‘கைது அறிக்கையின்படி’, ‘ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) அலுவலகம் தெரிவித்தது’ போன்ற சொற்கள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த அறிக்கை நிருபருக்கு எளிதில் கிடைப்பதற்குக் காரணம், 1909 முதல் வழக்கிலிருக்கும் புளோரிடாவின் பொது ஆவணச் சட்டம். ஆவணங்களைப் பார்க்கும் உரிமை 1992-இல் மாநில அரசமைப்பிலும் இடம்பெற்றது. கேட்பவர் அம்மாநிலத்தில் வசிக்க வேண்டியதில்லை; காரணமும் சொல்ல வேண்டியதில்லை. விசாரணை நடக்கும்போது காவல் துறை பல விவரங்களை வெளியிடாமல் வைத்திருக்கலாம் என்றாலும், கைதானவரின் பெயர், வயது, முகவரி, குற்றம் நடந்த நேரம், இடம், அதன் தன்மை ஆகியவை அந்த விலக்கில் அடங்கா என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. இரண்டு கோடிக்கும் அதிகமானோர் வாழும் 67 கவுன்ட்டிகளிலிருந்தும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) இத்தகைய அறிக்கைகள் நாள்தோறும் வெளிவரும்போது, விநோதமானவற்றுக்குப் பஞ்சமே இராது.

அடுத்து, அறிக்கையின் மொழியைக் கவனியுங்கள். 2015-இல் துரித உணவகம் ஒன்றில், வண்டியிலிருந்தபடியே உணவு வாங்கும் சன்னல் வழியே ஒருவர் சிறிய முதலையை உள்ளே எறிந்தார். ‘கொடிய ஆயுதத்தால் தாக்குதல்’ என்ற சட்டப்பிரிவு அவர் மீது பதிவானதால், முதலையே ஆயுதமானது என்ற தலைப்பு உலகெங்கும் சென்றது. அதன் பாதி வியப்பு சட்டச் சொல்லிலிருந்து வந்தது. கைதுக்குப் போதிய காரணம் இருந்தது என்று காட்ட அதிகாரி எழுதும் இவ்வறிக்கையில் அவர் தரப்பு மட்டுமே இருக்கும். அது தீர்ப்பு அன்று.

ஆகவே, கைது நடந்த கவுன்ட்டியின் நீதிமன்ற எழுத்தரின் இணையதளத்தில் வழக்கைத் தேடி, காவல் துறை சுமத்திய குற்றச்சாட்டையும் அரசு வழக்கறிஞர் முறைப்படி தாக்கல் செய்ததையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபடலாம், வழக்கே கைவிடப்பட்டும் இருக்கலாம். கைதை வெளியிட்ட நாளிதழ் முடிவையும் வெளியிடக் கடமைப்பட்டது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன், ஆனால் பல நேரங்களில் அது நடப்பதில்லை.

தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால், செய்தி பொய் என்று எண்ணிவிடாதீர்கள். கைவிடப்பட்ட வழக்கின் பதிவை நீதிமன்ற ஆணையால் மூடவோ அழிக்கவோ சட்டம் இடம் தருகிறது. அந்த ஆணைக்குப் பிறகும் பழைய செய்தியும் கைதுப் படமும் இணையத்தில் நீடிக்கக்கூடும் என்பதால், அவற்றைப் பெயரோடு பகிராதீர்கள்.