விதையை ஊறவைத்த பிறகு அட்டையைப் பார்க்காதீர்கள்: தீம், பிளக்கின்களில் நடக்கும் அன்சீரியலைஸ் தவறுகள்

கார்த்திகை பிறந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் காலையிலேயே போன் செய்தார். "தம்பி, நம்ம வெப்சைட்டத் தொறந்தா என்ன மொழி வேணும்னு கேக்குது. தமிழ்னு குடுத்துடவா?"

"அண்ணே, எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். மொழி கேட்பது, தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளை முதன்முதலில் நிறுவும்போது வரும் திரை. நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் அது வருகிறதென்றால், டேட்டாபேஸ் விவரங்கள் இருக்கும் கான்ஃபிக் கோப்பு காணாமல் போயிருக்க வேண்டும். போய்த்தான் இருந்தது. அந்தத் திரையை முதலில் நிரப்புகிறவர் தன் டேட்டாபேஸைக் காட்டி, தானே அட்மின் ஆகி, அப்புறம் விரும்பிய புரோகிராம் கோடை ஏற்றிக்கொள்ளலாம். நல்லவேளையாக யாரும் இன்னும் நிரப்பியிருக்கவில்லை.

லாக்கைப் பார்த்தால், இரவில் ஒரே ஐபியிலிருந்து விசாரணைப் படிவத்துக்கு வரிசையாகக் கோரிக்கைகள். அந்தப் படிவத்தைத் தரும் பிளக்கினின் (தளத்தில் தனியாகச் சேர்க்கும் கூடுதல் வசதி) கோடைத் திறந்தேன். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம். அதில் வருவதை நேராக அன்சீரியலைஸ் செய்துகொண்டிருந்தது. பாஸ்வேர்டு திருடப்படவில்லை, யாரும் லாகின் செய்யவில்லை. வாசலில் இருந்த படிவமே போதுமாக இருந்திருக்கிறது.

இந்த அன்சீரியலைஸ் என்ன செய்கிறது என்று பிளக்கின் எழுதுகிற பலரே சரியாக யோசிப்பதில்லை. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியில் ஓர் அர்ரேயையோ (மதிப்புகளின் பட்டியல்) ஆப்ஜெக்டையோ (தரவும் அதன் வேலைகளும் சேர்ந்தது) ஒரே வரியாக டேட்டாபேஸில் போட்டுவைக்க சீரியலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. என்ன வகை, எத்தனை பைட், என்ன மதிப்பு என்று வரிசையாக எழுதிவைக்கும். 'கும்பகோணம்' என்று சேமித்தால் நமக்கு ஆறு எழுத்து. அந்த வரியில் நீளம் 30 என்று இருக்கும். க, உகரக் குறி, ம, புள்ளி என்று எண்ணினால் மொத்தம் பத்துக் குறிகள், யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். (டேட்டாபேஸில் கையால் ஊர்ப் பெயரைத் திருத்தி, நீளம் பொருந்தாமல் விட்ஜெட்டெல்லாம் மறைந்துபோய் முழித்தவர்களுக்கு இந்தக் கணக்கு மறக்காது.)

அந்த வரியைத் திரும்ப எடுப்பது அன்சீரியலைஸ். இதை 'படிப்பது' என்று நினைப்பதுதான் தாய்த்தவறு. மற்றதெல்லாம் இதன் பிள்ளைகள். வரியில் ஒரு கிளாஸின் (ஆப்ஜெக்டை வார்க்கும் அச்சு) பெயர் இருந்து, அந்த கிளாஸ் தளத்தில் எங்காவது ஏற்றப்பட்டிருந்தால், அன்சீரியலைஸ் அதன் ஆப்ஜெக்டை உருவாக்கியே விடும். எந்த கிளாஸ், அதற்குள் என்னென்ன மதிப்புகள் என்பதை முடிவு செய்வது அந்த வரியை எழுதியவர். ஆப்ஜெக்ட் எழும்போது 'வேக்கப்', அழியும்போது 'டிஸ்ட்ரக்ட்' என்ற மெத்தட்கள் (கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன்கள்) அந்த கிளாஸில் இருந்தால், யாரும் கூப்பிடாமலே ஓடும்.

நாற்றங்கால் விடுகிற வீட்டில் வளர்ந்ததால் எனக்கு இது இப்படித்தான் புரிந்தது. நெல் மூட்டையைப் பிரித்து அள்ளிப் பார்ப்பது வேறு, ஊறவைத்து முளைகட்டுவது வேறு. முளை விட்டது நீங்கள் கேட்ட ரகமா இல்லையா என்பது மூட்டை கட்டியவர் கையில். சான்று விதை மூட்டையில் நீல அட்டை தைத்திருப்பார்கள். அதைக் கடையிலேயே பார்க்க வேண்டும். ஊறவைத்துவிட்டு அட்டையைத் தேடுவதில் ஒன்றும் இல்லை.

அந்தப் படிவ பிளக்கினில் அதுதான் நடந்தது. எழுதியவர் சோதனையே வைக்காதவர் இல்லை. அன்சீரியலைஸ் செய்த அடுத்த வரியிலேயே 'வந்தது அர்ரேதானா' என்று பார்த்திருந்தார், இல்லையென்றால் தூக்கிப் போடச் சொல்லியிருந்தார். பார்க்க ஒழுங்கான கோடு. ஆனால் தூக்கிப் போடும் அந்த நொடிதான் டிஸ்ட்ரக்ட் ஓடும் நொடி! அதே தளத்தில் பில் போடுவதற்கு வேறொரு பிளக்கின் இருந்தது. பிடிஎஃப் தயாரானதும் தற்காலிகக் கோப்பை அழிக்க அதில் ஒரு கிளாஸ். அழிக்கும் வேலை டிஸ்ட்ரக்டில். வந்தவன் அந்த கிளாஸின் பெயரை எழுதி, தற்காலிகக் கோப்பின் இடத்தில் கான்ஃபிக் கோப்பின் பாதையை வைத்திருக்கிறான். சோதனை வரி பொய் ஆப்ஜெக்டைக் கண்டுபிடித்தது, தூக்கிப் போட்டது, கோப்பு போனது.

"என் பிளக்கினில் ஆபத்தான கிளாஸே கிடையாதே" என்று வாதிடுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பில் பிளக்கின்காரர் தப்பு செய்யவில்லை. படிவ பிளக்கினில் அழிக்கும் கோடு இல்லை. இரண்டும் ஒரே தளத்தில் இருந்தன, அவ்வளவுதான். இருக்கிற கிளாஸ்களையே சங்கிலியாகக் கோர்த்துத் தாக்கும் இந்த வழியை பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டெஃபான் எஸ்ஸர் 2010 பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விரிவாகக் காட்டினார். 'பாப் செயின்' என்கிறார்கள். இப்படிப்பட்ட சங்கிலிகளைத் தயாராகத் தொகுத்துத் தரும் கருவிகளும் வந்துவிட்டன. வேர்ட்பிரஸ் 6.4இன் மூலக் கோடிலேயே அப்படி உதவக்கூடிய ஒரு கிளாஸ் நுழைந்துவிட்டது; 2023 டிசம்பரில் 6.4.2 வந்து, அந்த கிளாஸ் அன்சீரியலைஸ் வழியாக எழ முடியாதபடி அடைத்தார்கள். அந்த கிளாஸ் தனியாக எந்தத் தளத்தையும் விழவைக்காது. வேறு பிளக்கின் கதவைத் திறந்துவைத்தால்தான் அதற்கு வேலை.

கதவு எங்கெல்லாம் திறக்கும் என்பதற்கு நம் ஊருக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் ஆன்லைனில் நன்கொடை வாங்கும் டிரஸ்ட்டுகள் டெல்டாவில் ஏராளம். அந்த மாதிரி வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது கிவ்டபிள்யூபி என்ற பிளக்கின். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. 2024 ஆகஸ்டில் அதில் ஒரு பிழை வெளியானது. நன்கொடையாளரின் பெயருக்கு முன்னால் திரு, திருமதி என்று போடும் அந்தச் சின்னப் புலம் வழியாக, லாகின் இல்லாமலே ஆப்ஜெக்டை உள்ளே அனுப்ப முடிந்தது. தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. 3.14.2இல் சரிசெய்தார்கள். அடுத்த மாதமே, பின்சாய்வுக் கோடுகளை நீக்கும் ஓர் இடத்தைப் பயன்படுத்தி சோதனையை ஏமாற்றலாம் என்று தெரியவந்து, 3.16.2 வரை போக வேண்டியிருந்தது.

இதில் எனக்கு ஒட்டிக்கொண்ட விஷயம் இரண்டாவது சுற்றுதான். 'உள்ளே வருவது சீரியலைஸ் வடிவில் இருக்கிறதா' என்று பார்த்துத் தடுப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். சோதனைக்கும் அன்சீரியலைஸுக்கும் நடுவில் அந்த எழுத்து வரிசை ஒரு பைட் மாறினாலும் சோதனை வீண். வேர்ட்பிரஸே 2013இல் இப்படி மாட்டியது. சேமிக்கும் முன் 'சீரியலைஸ் வடிவா' என்று கேட்கும். கடைசியில் நாலு பைட் நீளமுள்ள ஒரு குறியை ஒட்டி அனுப்பினால், இல்லை என்று பதில் வரும். ஆனால் அன்றைய மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான அமைப்பு நாலு பைட் குறியைத் தாங்காது. அந்த இடத்தோடு வெட்டிவிட்டுச் சேமிக்கும். திரும்ப எடுக்கும்போது அது அச்சு அசலான சீரியலைஸ் வரி. 3.6.1இல் திருத்தினார்கள்.

தரவை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குக்கியிலோ மறைவான புலத்திலோ சீரியலைஸ் வரியை பேஸ்64 ஆக்கி வைத்துவிட்டு 'என்கிரிப்ட் செய்திருக்கிறேன்' என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பூட்டு இல்லை, பொட்டலம். யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், திரும்பக் கட்டலாம்.

சரி, என்ன செய்வது? வெளியிலிருந்து வரும் எதற்கும் ஜேசான் என்ற எளிய தரவு வடிவம் போதும். அர்ரேயும் எண்ணும் எழுத்தும் அதில் போகும்; கிளாஸை எழுப்பும் வித்தை அதற்குத் தெரியாது. நான் பார்த்த பிளக்கின்களில் பத்துக்கு ஒன்பதில் சீரியலைஸ் பழக்கத்தினால் வந்ததுதான், தேவையினால் இல்லை. பழைய தரவு கிடக்கிறது, மாற்ற முடியாது என்றால், பிஎச்பி 7.0இலிருந்து அன்சீரியலைஸுக்கு 'அனுமதிக்கும் கிளாஸ்கள்' என்ற இரண்டாவது விருப்பம் உண்டு. அதை ஃபால்ஸ் என்று வையுங்கள். ஆனால் அதை நம்பி வெளித் தரவை உள்ளே விடாதீர்கள், பிஎச்பி கையேடே அப்படித்தான் எச்சரிக்கிறது. தரவு பயனரின் பிரவுசருக்குப் போய்த் திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால், சர்வரில் உள்ள ரகசியச் சாவியால் எச்மேக் கையொப்பம் (தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் முத்திரை) போட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் கையொப்பம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மட்டும் பிரியுங்கள். நீல அட்டை அதுதான்.

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம்களைச் செய்கிறவர்கள் கோட்டைவிடும் இடம் பெரும்பாலும் இம்போர்ட் பட்டன். தீம் அமைப்புகளை ஒரு கோப்பாக எடுத்து, வேறு தளத்தில் ஏற்றும் வசதி. அட்மின்தானே ஏற்றுகிறார் என்று கோப்பை அப்படியே அன்சீரியலைஸ் செய்வார்கள். அட்மினுக்கு அந்தக் கோப்பு எங்கிருந்து கிடைத்தது? காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை டெலிகிராமில் இலவசமாகப் பிடித்து, கூடவே வந்த டெமோ கோப்பையும் ஏற்றுகிறவர்கள் கும்பகோணத்தில் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். உரிமை இல்லாத அந்தத் தீமில் ஏற்கெனவே பின்கதவு இருக்கலாம் என்பது தனிக்கதை.

இன்னொரு சந்து: அன்சீரியலைஸ் என்ற பெயரே கோடில் இல்லாமலும் இது நடக்கும். 'இந்தக் கோப்பு இருக்கிறதா' என்று கேட்கும் சாதாரண ஃபங்ஷனுக்கு ஃபார் (பிஎச்பி கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் பொதி) வகைப் பாதையைக் கொடுத்தால், அந்தக் கோப்பின் கூடுதல் தகவலை பிஎச்பி தானே அன்சீரியலைஸ் செய்துகொண்டிருந்தது. 2018இல் பாதுகாப்பு ஆய்வாளர் சாம் தாமஸ் இதை விளக்கிய பிறகுதான் பலரும் பாதையைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். பிஎச்பி 8.0 அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டது. 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்தும் அதிலேயே ஓடும் தளங்கள் இருக்கின்றன. ஹோஸ்டிங் பேனலில் போய் உங்கள் பிஎச்பி பதிப்பு எண் என்ன என்று பாருங்கள்.

கோடு எழுதாத கடைக்காரர்களுக்கு: பயன்படுத்தாத பிளக்கினை நீக்குங்கள், அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். ஏற்கெனவே யாராவது உள்ளே வந்துபோயிருந்தால், அப்டேட் ஓட்டையை அடைக்குமே தவிர அவர் விட்டுச்சென்ற கோப்புகளைத் துடைக்காது.

விளக்குப் பட்டறைத் தளத்தை முந்தைய வார பேக்கப்பிலிருந்து மீட்டேன். சாவிகளையும் பாஸ்வேர்டுகளையும் மாற்றினேன். மதியத்துக்குள் ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது, கார்த்திகை தீபம் நெருங்கிய நேரம். படிவ பிளக்கினை எழுதியவருக்கு எந்த வரியில் என்ன நடக்கிறது என்று விவரமாக மெயில் அனுப்பினேன். பத்து நாளில் 'பாதுகாப்பு மேம்பாடு' என்ற குறிப்போடு புதிய பதிப்பு வந்தது. ஆவலாகத் திறந்து பார்த்தேன். அதே புலம், அதே அன்சீரியலைஸ், மேலே பேஸ்64 சுற்றியிருந்தது. பட்டறைக்காரரிடம் சொல்லி அந்த பிளக்கினை எடுத்துவிட்டு, படிவத்தின் இடத்தில் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டுவிட்டோம்.