பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாட்டெழுதச் சொல்லிக்கொடுப்பது எப்படி: பாடலாசிரியர்களுக்கான செய்முறை

மெட்டுக்குப் பாட்டெழுதத் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. பல்லவி என்றால் என்ன, சரணம் என்றால் என்ன என்பதையெல்லாம் விளக்கப்போவதில்லை. ஏழாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, வகுப்பு முடிவதற்குள் ஆளுக்கு இரண்டு வரியாவது எழுதவைக்க வேண்டும். அதற்கு எனக்குச் சரிப்பட்டு வந்த வழியைச் சொல்கிறேன்.

படி 1: ஒலியைச் சரிசெய்யுங்கள்

நான் ஜூம் பயன்படுத்துகிறேன். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு கூட்டம் முடிந்துவிடும். அது குறை இல்லை, பிள்ளைகளின் பொறுமைக்கு அதுவே அதிகம்.

பேச்சைத் தவிர மற்ற ஒலியெல்லாம் இரைச்சல் என்று ஜூம் நினைத்துக்கொள்ளும். சுருதிப்பெட்டியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அதை அமுக்கிவிடும், நீங்கள் இழுத்துப் பாடுகிற ஸ்வரமும் பாதியில் காணாமல் போகும். கணினியில் ஆடியோ செட்டிங்ஸுக்குப் போய் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கூட்டத்துக்குள் வந்தும் அந்தப் பட்டனை ஆன் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி வகுப்பைக் கெடுத்துவிடும். விலை உயர்ந்த மைக் தேவையே இல்லை.

படி 2: சேர்ந்து பாடவைக்காதீர்கள்

“எல்லாரும் என்கூடப் பாடுங்க” என்று நேர்வகுப்பில் சொல்வதை இங்கே சொன்னால் சந்தைக்கடைதான். சுமார் 30 மில்லிநொடிக்கு மேல் தாமதம் வந்தாலே தாளம் ஒட்டாது. இணையக் கூட்டத்தில் அது சாதாரணமாக 100 மில்லிநொடியைத் தாண்டும். உங்கள் இணைய வேகத்தைக் கூட்டினாலும் இது போகாது.

அதனால் மெட்டு பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். நான்கு வரி மெட்டை வார்த்தை இல்லாமல் பாடி, முப்பது நொடி ஒலிக்கோப்பாக்கி முந்தின நாளே வாட்ஸ்அப்பில் பெற்றோர் எண்ணுக்கு அனுப்பிவிடுவேன். வகுப்பில் ஒருவர் மைக் மட்டும் திறந்திருக்கும். மற்றவர்கள் மியூட்டில் இருந்தபடி தம் வீட்டிலேயே கூடப் பாடுவார்கள். வாய் அசைவதைப் பார்த்தாலே யார் பாடுகிறார்கள், யார் மிட்டாய் தின்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மெட்டு உங்களுடையதாக இருக்கட்டும், இல்லையென்றால் கும்மி, தாலாட்டு மெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா மெட்டில் பிள்ளை எழுதியதை அப்பா பெருமையாக யூடியூபில் ஏற்றினால் காப்புரிமை அறிவிப்பு வந்து நிற்கும்.

படி 3: முதலில் தத்தகாரம், பிறகுதான் வார்த்தை

வகுப்பு தடுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகவே பார்ப்போம்.

வார்த்தைக்குப் பதிலாகத் தந்தன, தானா என்று மெட்டின் அளவைச் சொல்வதுதான் தத்தகாரம். மெட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

தந்தன தானன தானா

இதை எல்லோரும் கைதட்டிச் சொல்லி முடித்ததும் ஒரு வரி எழுதச் சொன்னால், பிள்ளைகள் விரல்விட்டு அசையை எண்ணி எழுதுவார்கள். ஆங்கிலப் பாட்டு வகுப்புக் காணொளிகளில் பார்த்த பழக்கம் அது. உதாரணமாக:

மழையில் நனையும் காகம்

எண்ணிப் பார்த்தால் எட்டுக்கு எட்டு, கணக்கு சரி. ஆனால் பாடினால் “மாழையில் நானையும் காகம்” என்று வரும். மெட்டு நீளுகிற இடத்தில் ‘ம’, ‘ந’ என்று குறில்கள் மாட்டிக்கொண்டதால் வந்த வினை. இதை வாயால் விளக்காதீர்கள், பாடிக் காட்டுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், காரணம் தானாகப் புரிந்துவிடும்.

பிறகு விதியைச் சொல்லலாம்: ‘தா’, ‘தந்’ வருகிற இடத்தில் நெடிலோ, ஒற்று ஒட்டிய குறிலோ வர வேண்டும். ‘த’, ‘ன’ வருகிற இடத்தில் குறில். சொல்லின் கடைசியில் நிற்கிற ஒற்றெழுத்தை மெட்டு விழுங்கிக்கொள்ளும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். இப்போது அதே காகம்:

சாரலிலே ஒரு காகம்
ஈர இறக்கையில் வேகம்

சாரல், ஈரம் என்று எதுகையும் விழுந்துவிட்டது, காகம், வேகம் என்று இயைபும் வந்துவிட்டது. எதுகை, மோனையைப் பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்திருப்பார்கள், அதற்கு இப்படி ஒரு வேலை இருப்பது தெரிந்திருக்காது.

கொஞ்சம் தேறிய பிள்ளைக்கு இன்னொன்று: மெட்டு ரொம்ப நேரம் நிற்கிற இடத்தில் ‘கட்’, ‘பத்’ போன்ற வல்லின ஒற்றைப் போட்டால் குரல் நின்றுவிடும். ‘மண்’, ‘வெள்’ என்றால் இழுக்கலாம். வீட்டுப்பாடமாகத் திருப்புகழ்ப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்வேன். பல பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே அதன் சந்தத்தைத் தனதன என்று அச்சிட்டிருப்பார்கள், இதைவிட நல்ல பயிற்சி ஏடு எனக்குத் தெரியாது.

படி 4: எழுதுவது நோட்டில்

கூகுள் டாக்ஸ் பரிந்துரைப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ்த் தட்டச்சு பழகாத பிள்ளை எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது வரி மறந்துபோகிறது. நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பட்டும். திருத்தமும் அந்தப் போட்டோவிலேயே: இடிக்கிற அசையை வட்டமிட்டு அனுப்புங்கள், மாற்றுச் சொல்லை நீங்கள் கொடுக்காதீர்கள். தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும், தெரியும். நீங்கள் கொடுத்தால் அது உங்கள் பாட்டு ஆகிவிடும்.

படி 5: பதிவு

பேண்ட்லேப் என்ற ஒலிப்பதிவுத் தளம் இலவசம், உலாவியிலேயே வேலை செய்யும், மெட்டை ஒரு டிராக்கில் வைத்து மேலே குரலைப் பதியலாம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளும் நல்லதுதான், ஆனால் கணினி வேண்டும். போன் மட்டும் இருக்கிற வீட்டுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவே போதும்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள்.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி வந்தால் என்ன செய்வது? நான் தடுப்பதில்லை, மெட்டோடு பாடச் சொல்வேன். நான் பார்த்தவரை அழகான சொல்லாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டாவது வரியிலேயே ‘மலை’ ‘மாலை’ ஆகிவிடும். எங்கே இடிக்கிறது என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடித்து மாற்றட்டும்.

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா வரி எடுத்துக்கொடுத்தால்? ஐந்து நிமிடம் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அவரே விலகிவிடுவார். எப்படியும் வகுப்பு நேரத்தில் பெரியவர் ஒருவர் அந்த வீட்டில் இருப்பது நல்லது. பிள்ளையின் குரலையோ முகத்தையோ எங்கே போடுவதானாலும் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.