ஓடையை மீட்க ஊரைச் சேர்ப்பது எப்படி?

ஓடையைச் சீரமைக்கலாம் என்று முடிவானதும் பலரும் வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வாருங்கள் என்று எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1. முதலில் நடந்து பாருங்கள். மழை நாளில், இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்து நாலைந்து பேர் கிளம்பி, தண்ணீர் எந்த மேட்டிலிருந்து இறங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக் கலங்குகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஓடைக்குத் தண்ணீர் தருகிற அத்தனை நிலமும் சேர்ந்ததுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. 1 ஹெக்டேரில் 10 மி.மீ. மழை பெய்தாலே 1 லட்சம் லிட்டர்!

2. அப்புறம் ஆட்கள். சிக்கலே இங்கேதான். வேலை நடப்பது மேட்டு நிலத்தில், பலன் பெரும்பாலும் பள்ளத்தில் இருப்பவருக்கு. மேட்டில் ஆடு மாடு மேய்ப்பவரிடம் கேட்காமல் மரக்கன்று நட்டால் அது மூன்று மாதம்கூடத் தாங்காது, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பொதுக்கூட்டத்தில் பேசுகிறவரே பேசுவார் என்பதால், என்னைக் கேட்டால் முதலில் வீடு வீடாகப் போய்ப் பேசுவதே மேல். மேய்ச்சலை எங்கே, எத்தனை நாள் நிறுத்துவது, அதுவரை தீவனத்துக்கு என்ன வழி என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ராஜஸ்தானின் அர்வாரி ஆற்றங்கரைக் கிராமங்கள் தடுப்பணைகளோடு நிற்காமல், தண்ணீரை எப்படிப் பயன்படுத்துவது என்று விதி வகுக்கத் தங்களுக்கென ஒரு ‘நாடாளுமன்றமே’ அமைத்துக்கொண்டன.

3. நிலம் யாருடையது என்று பார்த்து அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

4. வேலையை மேட்டிலிருந்து தொடங்குங்கள். கீழே முதலில் தடுப்பணை கட்டினால் மேலிருந்து வரும் வண்டலே அதை நிரப்பிவிடும். மழைத் தண்ணீர் ஓடிவிடாமல் நின்று மண்ணில் இறங்க, சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் பள்ளம் வெட்ட வேண்டும். மட்டம் பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். சின்ன ஓடைகளில் கல் அடுக்கும்போது நடுவில் தாழ்வாகவும் இரு கரைப்பக்கம் உயரமாகவும் அடுக்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும்.

5. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் போதும். குனிந்து வெட்ட முடியாதவர்களுக்குப் பதிவேடு, படம் எடுப்பது, விதை சேகரிப்பு என்று வேலை நிறைய இருக்கிறது.

6. முதல் பெருமழை ஓய்ந்ததும் அதே ஆட்கள் திரும்ப நடக்க வேண்டும். வேலைக்கு முன் படம் எடுத்த அதே இடத்திலிருந்து மறுபடி படம் எடுங்கள், கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து மழைக்கு முந்தைய அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், சரிந்த கற்களை அன்றைக்கே எடுத்து அடுக்கிவிடுங்கள்.