வைகாசியில் வன்னிக்குப் போகிறவர்கள் கந்தோர் வேலையை முதலில் முடியுங்கள்

சூட்கேசில் என்ன வைக்கவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. சொக்லேட்டும் கோடாலித் தைலமும் எல்லாரும் வைப்பதுதான். நான் சொல்ல வந்தது, இலங்கையின் வடக்கே இருக்கிற வன்னிக்கு எந்த மாதம் போவது, போனால் எதைப் பார்ப்பது, கந்தோரில், அதாவது அரச அலுவலகத்தில், எதை முதலில் முடிப்பது என்பது. மூன்றாவதைப் பிழையாகச் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் பண்ணினோம். அந்தக் கணக்கை எழுதியவர் சித்திரை மத்தியானத்தில் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருக்கமாட்டார். வெயில் தலையில் ஆணி அடிக்கும். ஆனாலும் போவதென்றால் அந்தக் காலத்தில்தான் போகவேண்டும். மாசி, பங்குனியில் காலபோகம் வெட்டி முடிந்திருக்கும். வீட்டில் நெல் மூட்டை இருக்கும், சனத்துக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். பெரிய பொங்கல்கள் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்துக்குள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மார்கழியில் போனால் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்கலாம்தான். பாதி நாள் மழைக்குத் தாழ்வாரத்தில் குந்தியிருக்கவும் வேண்டிவரும்.

பங்குனி உத்தரத்தில் கண்டாவளைப் பக்கம் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல். நான் இன்னும் பார்த்ததில்லை, சின்னம்மா சொல்லிக் கேட்டதுதான். சித்திரை வருடப்பிறப்புக்குப் போகிறவர்கள் மருத்துநீர் வைத்து முழுகலாம், பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்கலாம். மூன்று நாலு நாளுக்குக் கடை, கந்தோர் எதுவும் ஒழுங்காகத் திறக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். எனக்கு அதுதான் பெரியது. அம்மா சுவிஸில் இருந்த கடைசி வருடங்களிலும் கலண்டரில் அந்தத் திங்கட்கிழமைக்கு வட்டம் போடுவா.

வற்றாப்பளைப் பொங்கல் வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமையில் வரும். சில வருடம் மே நடுவில், சில வருடம் யூன் வரைக்கும் தள்ளிப் போகும். ஆகவே கோயில் நாளைக் கேட்டு நிச்சயப்படுத்தாமல் டிக்கெட் போடாதீர்கள். பொங்கல் ஒரு நாள் விஷயமும் இல்லை. பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கி, அடுத்த திங்கள் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்த உப்புநீரை ஊற்றி முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு எரியும். பொங்கலுக்கு முதல்நாள் ஞாயிறு அங்கே பொங்கல், மறுநாள் வற்றாப்பளையில், அங்கும் அந்த விளக்கு எரியும். மதுரையை எரித்த கண்ணகி பத்தாவதாக வந்து தங்கிய இடம் பத்தாம்பளை, அதுதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பிள்ளைகளிடம் ஒரு கிழவி வந்தாளாம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று பிள்ளைகள் சொல்ல, கடல்நீரை ஊற்றி எரியுங்கோ என்றாளாம். மகளுக்கு இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்தேன். அவளுக்கு அந்த விளக்கைப் பார்க்கவேண்டும். அதற்காகவே வேலையில் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள்.

2024இல் பொங்கல் மே 20. நாங்கள் 6ஆம் திகதியே போய் இறங்கிவிட்டோம். தீர்த்தம், காட்டா விநாயகர், பொங்கல் மூன்றையும் பார்க்கலாம் என்பது திட்டம். இடையில் ஒரு அரை மணித்தியால வேலை இருந்தது.

அம்மம்மாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கொடுத்த காணி. உறுதிக் காணி இல்லை, பேமிற் காணி, அதாவது அனுமதிப்பத்திரத்தில் தந்தது. வன்னியில் பாதிப் பேருக்கு இந்தக் கதை இருக்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் தந்த காணி, நினைத்தபடி விற்கமுடியாது, பின்னுரித்தாளராக யாரைப் பதிந்தார்களோ அவர்களுக்குத்தான் போகும். அம்மம்மா பதிந்தது மூத்த மகளான என் அம்மாவை. அம்மா 1991இல் வெளிக்கிட்டவ, திரும்பிப் போகவில்லை. அந்தக் காணியில் இருந்தது, இடம்பெயர்ந்தது, 2010இல் தறப்பாளோடு திரும்பி வந்து பற்றை வெட்டியது எல்லாம் சின்னம்மாவும் மச்சானும். இப்போது அதை மச்சான் பெயருக்கு மாற்றவேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் எழுதிக் கொடுக்கவேண்டும்.

மூன்று வருடமாகச் சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தா. "தம்பி, நீ வந்து ஒரு கையெழுத்து வைச்சால் காணும்." நான் தபாலில் அனுப்புகிறேன் என்பேன், அனுப்பமாட்டேன். அப்புறம் ஒருமுறை அனுப்பினேன், ஆள் நேரில் வரவேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். சரி, பொங்கலுக்கு வருகிறேன்தானே, அப்போது வைப்போம் என்றேன்.

எந்தப் பிரதேச செயலகம் என்று எழுதமாட்டேன். ஒன்றைப் போலத்தான் மற்றதும். 8ஆம் திகதி புதன்கிழமை போனோம். காணிக்கிளை உத்தியோகத்தர் வெளிக்களத்துக்குப் போய்விட்டார், திங்கள் வாங்கோ. திங்கள் என்றால் 13ஆம் திகதி, தீர்த்தம் எடுக்கிற நாள். பின்னேரம்தானே தீர்த்தம், காலையில் முடித்துவிட்டு ஓடலாம் என்று எட்டரைக்குப் போய் இருந்தேன். எனக்கு முன்னால் பதினேழு பேர். என் முறை வரும்போது பன்னிரண்டரை. இடைவேளை. திரும்பக் கூப்பிட்டது இரண்டரைக்கு.

சின்னம்மா ஒரு மருந்துக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தா. எழுபத்தொரு வயது. உத்தியோகத்தர் ஒறிஜினல் பேமிற் இருக்கோ என்று கேட்டபோது பைக்குள் இருந்த பொலித்தீனை எடுத்து, அதற்குள் இருந்த இன்னொரு பொலித்தீனைப் பிரித்து, பழுப்பு நிறத்தில் ஒரு தாளை விரித்தா. மடிப்பு எல்லாம் கிழிந்து பின்பக்கம் செலோரேப் ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் தண்ணீர்க் கறை. போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் வரைக்கும் அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனதாம். அரிசி முடிந்த பிறகு சட்டைக்குள். இதை எனக்குச் சொல்லவில்லை. உத்தியோகத்தருக்கு, கறைக்குக் காரணமாகச் சொன்னா.

அந்தத் தாளில் அம்மாவின் பெயர் அம்மம்மாவின் வீட்டுக்காரர் சொன்னபடி இருந்தது. சுவிஸ் மரண அத்தாட்சியில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி முன்னுக்கு ஏறி உட்கார்ந்திருந்தது. டொச்சிலிருந்து மொழிபெயர்த்துத் தூதரக முத்திரையும் குத்தி மனைவி தந்துவிட்டிருந்தாள், அதனால் அந்தத் தாள் தப்பியது. பெயர் தப்பவில்லை. "ஐயா, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் வேற ஆளெல்லோ" என்றார் உத்தியோகத்தர். கடுப்பாகச் சொல்லவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, இரண்டு பெயரும் ஒருவரே என்று கிராம சேவகரின் கடிதம், என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் புதுப் பிரதி, எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி. நான் குரலை உயர்த்தினேன். மூன்று வாரத்துக்கு எவ்வளவு செலவழித்து வந்திருக்கிறேன் தெரியுமோ என்று கேட்டேன். பக்கத்து மேசையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தி என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள். சின்னம்மா என் கையைப் பிடித்தா. வெளியே வந்தபோது நாலரை. முல்லைத்தீவுக் கடலுக்குப் போய்ச் சேரமுடியாது.

ஆகவே, போகுமுன் இவற்றைச் செய்யுங்கள். வெளிநாட்டில் இறந்தவருடைய பத்திரத்தை அங்கேயே மொழிபெயர்த்து, இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கடவுச்சீட்டிலும் பழைய அடையாள அட்டையிலும் பிறப்புப் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு எழுத்து கூடினாலும் சத்தியக்கடதாசியை ஊருக்குப் போன முதல் நாளே முடியுங்கள். உத்தியோகத்தர் எந்தெந்த நாளில் இருப்பார் என்று உறவினரைக் கேட்டு அனுப்புங்கள். வெசாக் வாரத்தில் எதையும் நம்பாதீர்கள். அந்த வருடம் 23, 24 இரண்டு நாளும் விடுமுறை, எங்கள் விமானம் 25. முக்கியமாக, "அரை மணித்தியால வேலை" என்று யாரும் சொன்னால் அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். அதைச் சொன்னது நீங்களாகவே இருந்தாலும்.

கிராம சேவகர் வியாழன் பயிற்சிக்குப் போய்விட்டார். வெள்ளி வேறு ஏதோ கூட்டம். 18ஆம் திகதி சனிக்கிழமை. அன்று நாங்கள் முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். 2009இல் போர் முடிந்த இடம், இறந்தவர்களை நினைக்கிற நாள் அது. அதைச் சுற்றுலா விவரமாக எழுதமுடியாது. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் றோட்டில்தான் இருக்கிறது. வழியில் உப்புக்கஞ்சி கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். படத்தோடு நிற்கிற தாய்மாருக்கு முன்னால் போனைத் தூக்காதீர்கள். மகள் தூக்கவில்லை, நான்தான் தூக்கினேன், பிறகு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காட்டா விநாயகர் பொங்கலன்று, கிராம சேவகர் வீட்டு வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். வந்தவர் பாவம், சாப்பாட்டுக் கையோடு கடிதத்தை எழுதித் தந்தார். "பொங்கல் நேரம் ஏன் அண்ணை இதோட அலையிறியள்" என்றார். மகள் அந்த வாரத்தில் புதிதாகப் படித்த தமிழ்ச் சொல் "இணைப்பு". அது எங்கே வேண்டும், எத்தனை வேண்டும் என்று அவளுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.

கந்தோர் இல்லாத நாட்களில் பார்த்ததையும் சொல்லவேண்டும். ஏ9 றோட்டில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எந்த வாகனமும் நிற்காமல் போகாது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வைகாசியில் பாலைப்பழம் வரத் தொடங்கும். றோட்டோரம் ரின்பால் பேணியால் அளந்து தருவார்கள். மஞ்சளாக, சின்ன விரல்நுனி அளவு, வாய்க்குள் போட்டதும் தேன். நாலு பழத்துக்குப் பிறகு பால் பிடித்து உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மகள் பேசமுடியாமல் கையைக் காட்டினாள், மச்சானின் மகள் தேங்காயெண்ணெய் பூசிவிட்டாள். ஆசைப்பட்டு நீங்களாகக் காட்டுக்குள் பொறுக்கப் போகாதீர்கள். அந்தப் பழத்தில் கரடிக்கும் ஆசை. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம், பற்றைக்குள் ஒதுங்குவதற்குக்கூட.

இரணைமடு அணைக்கட்டில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நடக்கலாம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தால் வாய்க்கால் பக்கம் முழுவதும் பச்சை, மற்றப் பக்கம் புழுதி. குளத்துக்குள் இறங்காதீர்கள், முதலை இருக்கிறது. நாங்கள் சின்ன வயதில் இறங்கினோம்தான், அப்போது முதலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் மாங்குளம்-முல்லைத்தீவு றோட்டிலேயே இருக்கிறது, வற்றாப்பளைக்குப் போகிறவர்கள் அந்த வழியால் போனால் இரண்டையும் பார்க்கலாம். நுங்கு எங்கே கண்டாலும் வண்டியை நிறுத்துங்கள்.

20ஆம் திகதி திங்கள். காலை ஏழே முக்காலுக்குச் சின்னம்மா கந்தோர் வாசலில். பொங்கல் விரதம், தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. உத்தியோகத்தர் பதினொன்றுக்கு வந்தார். கடிதத்தைப் படித்தார், சத்தியக்கடதாசியைப் படித்தார், பழுப்புத் தாளைத் திரும்ப ஒருதரம் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இதைக் காப்பாத்தி வைச்சது பெரிய விஷயம் அம்மா" என்றார். சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் ஐந்து இடத்தில் கையெழுத்து வைத்தேன். பேனை எழுதவில்லை, அவருடைய பேனையை வாங்கி வைத்தேன். மூன்று மணி.

வானில் போனோம். வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கமே வாகனம் நெருக்கியது. முல்லைத்தீவு தாண்டியதும் இறங்கி நடக்கவேண்டியதாயிற்று. மாத்து உடுப்பும் தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்கட்டும், வாகனத்தைத் திரும்பத் தேடிப் பிடிக்க விடியும். காவடி, கற்பூரப் புகை, ஐஸ்கிறீம் வானின் பாட்டு, ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளைகளின் பெயர். இருட்டிவிட்டது. சின்னம்மா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சனத்துக்குள் நுழைந்தா, மகள் அவவின் பின்னால். நான் ஒரு மரத்தடியில் எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் விளக்கைக் கண்டாளாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். சின்னன் என்றாள்.

ஆவணியில் மச்சான் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். மற்ற எல்லாம் சரியாம். ஒரு படிவத்தில் மட்டும் என் கையெழுத்து கடவுச்சீட்டில் உள்ளதுபோல இல்லையாம். ஆறுதலாக வந்தால் காணுமாம், அவசரம் இல்லையாம். பங்குனி உத்தரம் எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். புளியம்பொக்கணையும் பார்க்கவில்லைத்தானே. இந்தமுறை கந்தோர் முதல் நாள்.