தேனீப் பெட்டிகளை ஏற்றிச் செல்ல எந்த வண்டி?

தேனீப் பெட்டிகளை இடம் மாற்ற வண்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அது எத்தனை கிலோ தாங்கும் என்பதைத்தான். நம்மிடம் இருக்கும் பெட்டிகள் அந்த வண்டியை நிரப்புமா என்பதை அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சரக்கு வண்டிகளின் பின்புற ஸ்பிரிங் பட்டைகள் முழுச் சுமைக்கென்று அமைக்கப்பட்டவை. கால்வாசிச் சுமையோடு ஓடும்போது அவை வளைந்து கொடுக்காமல், ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியையும் அப்படியே பெட்டிக்குள் அனுப்பிவிடுகின்றன. இதை நான் நட்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூலனூர்ப் பக்கத்து முருங்கைத் தோட்டத்திலிருந்து பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கு 14 பெட்டிகளை ஒரு பெரிய பிக்கப்பில் ஏற்றி வந்து, காலையில் ஒரு பெட்டியைத் திறந்தபோது, புதிதாகக் கட்டியிருந்த வெள்ளை மெழுகு அடைகள் மரச்சட்டத்திலிருந்து கழன்று அடிப்பலகையில் மடிந்து கிடந்தன. இறக்கை ஒட்டிப்போன தேனீக்கள் அந்தத் தேனுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன.

ஆகவே முதலில் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தியத் தேனீ வளர்ப்பவருக்கு இது எளிது, ஏனெனில் அந்தப் பெட்டிகள் சிறியவை. ஒன்றிரண்டை மட்டும் பக்கத்து ஊருக்குக் கொண்டு போவதானால், கேரியரில் பழக்கூடை ஒன்றை இறுகக் கட்டிய மொபெட்டே போதும். இத்தாலியத் தேனீயின் பத்துச் சட்டப் பெட்டி 20 அங்குல நீளமும் 16 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையது. தேன் அறையை எடுத்துவிட்டுப் ராணி முட்டையிட்டுக் குஞ்சுகள் வளரும் புழு அறையை மட்டும் ஏற்றினாலும், தேனீக்களோடு 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். குட்டியானை எனப்படும் டாடா ஏஸ் வண்டியின் தளம் சுமார் 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது என்பதால், நீளவாக்கில் நான்கும் குறுக்கே மூன்றுமாக ஓர் அடுக்குக்கு 12 பெட்டிகள் பிடிக்கும். இரண்டு அடுக்கில் 24 பெட்டிகள், அதாவது ஏறத்தாழ 600 கிலோ. 750 கிலோ ஏற்றும் குட்டியானை ரகத்தில் உடன் வரும் ஆட்களையும் சேர்த்தால் சுமை சரியாக நிரம்பிவிடும். நாற்பது பெட்டி வரை உள்ளவர்களுக்கு ஒன்றே கால் டன் பிக்கப் பொருந்தும். இருபது பெட்டிக்காரர் அதை வாங்குவது வீண் செலவு.

பெட்டியின் நீளப்பக்கம் வண்டியின் நீளத்தோடு ஒத்திருக்கும்படி அடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சட்டங்கள் பெட்டியின் நீளவாக்கில் தொங்குகின்றன. அவை வண்டி போகும் திசையிலேயே இருந்தால், பிரேக் பிடிக்கும்போது அடைகள் ஒன்றோடொன்று மோதி ராணியை நசுக்கும் வாய்ப்புக் குறையும். தளத்தின் அளவை எடுக்கும்போது இந்தத் திசையை மனத்தில் வைத்தே எடுங்கள்.

நம் கொங்குப் பகுதியில் வண்டியின் அகலத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். பெட்டி வைக்கும் இடம் தார்ச்சாலையோரத்தில் அமைவதில்லை; இருபுறமும் கிளுவை வேலி நெருக்கும் இட்டேறி என்னும் ஒடுங்கிய மண்பாதையில் அரை மைல் உள்ளே போனால்தான் தோட்டம் வரும். இரவில், பெட்டிகளோடு, திரும்ப இடமில்லாத இட்டேறியில் பின்னோக்கி வருவதைப் போன்ற தொல்லை வேறில்லை. ஆகவே பகலிலேயே காலி வண்டியை ஒருமுறை உள்ளே ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

வாடகை வண்டியானால், முந்தைய நாள் என்ன ஏற்றினார்கள் என்று கேட்காமல் பேசி முடிக்காதீர்கள். பூச்சிமருந்து ஏற்றிய வண்டி அறவே வேண்டாம். கழுவினாலும் தளத்தின் மடிப்புகளில் எச்சம் தங்கும். கவுந்தப்பாடிச் சந்தைக்கு வெல்லம் ஏற்றிப் போன வண்டியில் ஆபத்து வேறு விதமானது: இனிப்பு வாசனைக்கு அக்கம்பக்கத்துத் தேனீக்கள் மொய்த்து, இறக்கும் இடத்தில் பெட்டிகளுக்குள் புகுந்து தேனைக் கொள்ளையடிக்கத் தொடங்கிவிடும். அதே காரணத்துக்காகத் தேன் பிழியும் கருவியைக் கழுவி மூடி ஏற்ற வேண்டும். ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ இருக்கும் என்பதால், தேன் கேன்களைத் தண்ணீர்க் கணக்கில் எடைபோட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

முழுவதும் மூடிய கூண்டு வண்டியை நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டியின் வாசலை அடைத்ததும் தேனீக்கள் பதற்றத்தில் சூட்டைக் கிளப்பும். அடை 40 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். பக்கம் திறந்த தளமே ஏற்றது. தார்ப்பாயை விட்டுவிட்டு, மேலே வலை போட்டுக் கட்டுங்கள். அடியில் தென்னை நார் விரிப்பு போட்டால் அதிர்வு குறையும்.

சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டப்படி தனி பெர்மிட் தேவையில்லை. புதிதாக வாங்குபவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளவும்.

கர்நாடகத்துக் குண்டல்பேட்டைச் சூரியகாந்தித் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. பெட்டிகளை இரவில்தான் நகர்த்த வேண்டும், ஆனால் வழியிலுள்ள, 27 கொண்டையூசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. எனவே பொழுது சாய்ந்து தேனீக்கள் அடைந்த பின் வாசலை அடைத்து, பின்னிரவில் புறப்பட்டு, தடை நீங்கும் நேரத்துக்கு மலையடிவாரத்துப் பண்ணாரியை அடைவதே வழி. காத்திருக்கும் வேளையில் காற்றோட்டம் நின்றுவிடும் என்பதால், ஓட்டுநர் இருக்கைக்குக் கைகெட்டும் தூரத்தில் தண்ணீர் தெளிப்பான் ஒன்றை வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். வாசல் வலைமேல் மெல்லத் தெளித்தால் உள்ளே இரைச்சல் அடங்கும். மலையேறும்போது பெட்டிகள் பின்னுக்குச் சரியும் ஆதலால், பின்கதவின் கொக்கி இரண்டும் தேயாமல் இருக்கின்றனவா என்பதையும், முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடியபின் கயிறு தளர்ந்திருக்கிறதா என்பதையும் இறங்கிப் பார்த்து இறுக்கிக்கொள்ளுங்கள்.