ஆங்கிலத்தில் வாதிட்டு எழுதும்போது அணிகளைக் கையாளும் முறை

ஆங்கிலத்தில் ஒரு கருத்தை வலியுறுத்தி எழுத விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அணிகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதை ஏற்கச் சொல்கிறோம், யாரிடம் சொல்கிறோம், அவர் ஏன் தயங்குகிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு வாக்கியத்தில் விடை எழுதி வைத்துக்கொண்ட பிறகே அணியைத் தேட வேண்டும். வாசகரின் தயக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அணிக்கு வேலை இருக்கிறது.

தயக்கத்தின் வகையை அறிய, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் வகுத்த பிரிவு இன்றும் உதவுகிறது. சொல்பவரின் நம்பகத்தன்மையை ஈதோஸ் என்றும், கேட்பவரின் உணர்ச்சியைத் தொடுவதைப் பேத்தோஸ் என்றும், வாதத்தின் தர்க்கத்தை லோகோஸ் என்றும் ஆங்கில எழுத்துப் பயிற்சியில் இன்றும் குறிப்பிடுகிறார்கள். ‘இவர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?’ என்று தயங்குகிறவருக்குப் புள்ளிவிவரங்களை அடுக்கிப் பயனில்லை, ‘இதனால் எனக்கென்ன?’ என்று கேட்கிறவருக்கு எழுதுபவரின் அனுபவம் விடையாகாது.

நம்பகத்தன்மையைப் பெறுவதற்கு நானறிந்த சிறந்த வழி, எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மையை முதலில் ஒப்புக்கொள்வது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் ஆற்றிய உரையில் ‘வீ ஷல் ஃபைட்’ (நாம் போரிடுவோம்) என்று திரும்பத் திரும்ப வரும் பகுதியையே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் ஜெர்மானியப் படைகள் சூழ்ந்திருந்த பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்ட மகிழ்ச்சியில் நாடு திளைத்திருந்தபோது, படைகளைப் பின்வாங்கச் செய்து எந்தப் போரும் வெல்லப்படுவதில்லை என்று அதே உரையில் அவர் முன்னதாகவே எச்சரித்திருந்தார். கசப்பான உண்மையை மறைக்காதவர் என்ற நம்பிக்கை பிறந்த பின்னர் வந்ததால்தான், ஒவ்வொரு தொடரையும் ஒரே சொற்களால் தொடங்கும் அனஃபோரா என்ற அந்த அணி வெற்றுமுழக்கமாகத் தேயவில்லை. ஆகவே உங்கள் கட்டுரையிலும் ஒப்புதல் முன்னேயும் அடுக்கு பின்னேயும் வரட்டும்.

கேள்வியை அணியாக ஆளும்போது கூடுதல் கவனம் தேவை. பதில் தானாகவே விளங்கும் கேள்விக்கு வாசகர் தம் மனத்துக்குள் வேறுவிதமாகவும் விடையளித்துக்கொள்ளக்கூடும். அப்படி நேர்ந்தால் வாதம் அங்கேயே முறிந்துவிடும். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் பேசியபோது, அமெரிக்க விடுதலையின் முன்னோர்களை முதலில் மனமாரப் புகழ்ந்தார். அதன் பிறகே, உங்கள் ஜூலை 4 (அமெரிக்க விடுதலை நாள்) அமெரிக்க அடிமைக்கு என்ன பொருள் தருகிறது என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் விடையையும் தாமே உடனே கூறினார். ‘நம்’ என்று சொல்லக்கூடிய இடத்தில் ‘யுவர்’ என்ற ஒரே சொல்லை வைத்து, அந்தக் கொண்டாட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை அவர் காட்டிவிட்டார். பிரதிப்பெயர்கூட வாதிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. உங்கள் வரைவில் ‘வீ’, ‘யூ’, ‘தே’ வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் யாரைச் சேர்க்கிறது, யாரை விலக்குகிறது என்று பாருங்கள்.

தமிழில் சிந்தித்துப் பழகியவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடிவதால் அதன் இறுதி இயல்பாகவே உறுதியாக நிற்கிறது. ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் அழுத்தம் கடைசிச் சொல்லின்மீதே விழுகிறது. எனவே வாசகர் மனத்தில் தங்க வேண்டிய சொல்லை நாமே இறுதிக்கு நகர்த்த வேண்டும். நூலகத்தின் நேரத்தை நீட்டிக்கக் கோரும் கடிதம் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். வேலைக்குச் செல்வோருக்கு இப்போதைய நேரம் வசதியாக இல்லை என்பதை நீண்ட வாக்கியமாக விளக்குவதற்குப் பதில் இப்படி எழுதலாம்: ‘தி லைப்ரரி குளோசஸ் அட் ஃபைவ். தி பீப்பிள் ஹூ நீட் இட் லீவ் வொர்க் அட் சிக்ஸ்.’ ஐந்து மணியும் ஆறு மணியும் வாக்கிய இறுதியில் எதிரெதிரே நிற்கின்றன. குறையை வாசகரே கணக்கிட்டுக்கொள்கிறார். நம் முரண்தொடையை நினைவூட்டும் இந்த அணியை ஆங்கிலத்தில் ஆன்டிதீசிஸ் என்கிறார்கள்.

சொற்களின் வரிசையையே தலைகீழாக்குவது கயாஸ்மஸ். 1961 ஜனவரி 20 அன்று ஜான் கென்னடி அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேளாதே, நாட்டுக்கு நீ என்ன செய்யலாம் என்று கேள் என்றார். ‘யூ’ என்று முடிந்த முதற்பாதிக்கு மறுமொழியாக இரண்டாம் பாதி ‘கன்ட்ரி’ என்று முடிகிறது. சொற்கள் இடம் மாறும்போது கடமையும் கைமாறுகிறது. பொருளில் அத்தகைய மாற்றம் இல்லாத இடத்தில் இந்த அணியைத் தொட வேண்டாம்.

மோனைக்கு நிகரான அலிட்டரேஷனைத் தலைப்புக்கும் முத்தாய்ப்புக்கும் ஒதுக்கினால் போதும். மூன்று உறுப்புகளாக அடுக்கும்போது நீளமானதையோ கனமானதையோ கடைசியில் வையுங்கள்.

சில உத்திகளைத் தவிர்த்தே ஆக வேண்டும். இரண்டே வழிகள்தான் உண்டு என்று காட்டி மூன்றாவதை மறைப்பதும், ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ (தவறுகள் செய்யப்பட்டன) என்று செய்தவரைச் செயப்பாட்டு வினைக்குள் ஒளிப்பதும் வாசகரின் தீர்ப்பைத் திருடும் செயல்கள். உணர்ச்சியைத் தொட வேண்டுமானால் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் ஒருவருடைய ஒரு நாளை எழுதுங்கள். அந்த ஒருவரின் நிலை மற்றவர்களுக்கும் பொருந்துகிறதா என்று அடுத்த வாக்கியத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

வரைவு முடிந்ததும் உரக்கப் படியுங்கள். அணி வரும் இடத்தில் குரல் தானாக உயர்ந்து, பொருள் மட்டும் நகராமல் நின்றால், அந்த வாக்கியத்தை அணியின்றி எளிமையாக எழுதிப் பாருங்கள். எளிய வடிவமும் அதே அளவுக்கு இணங்கவைத்தால் அதையே வைத்துக்கொண்டு, அடுத்த பத்திக்குச் செல்லுங்கள்.