மழைக்காலத்துக்குத் தக்காளி சேர்த்து வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராசுரம் மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாகத் தக்காளி வந்திறங்கி விலை சரியும் பங்குனி மாதத்தில், அதை மொத்தமாக வாங்கித் தொக்காகவோ வற்றலாகவோ ஆக்கிவைப்பது டெல்டா வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் பங்குனியில் ஜாடிக்குள் போனது ஐப்பசி அடைமழை வரை ஏழு மாதம் தாக்குப்பிடித்தால்தான் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு நீர். நான் பார்த்த வரையில், கெட்டுப்போன ஜாடிகளில் பெரும்பாலானவை அந்த நீரை உள்ளே விட்டுவைத்ததாலோ, வேறு நீரைப் பிறகு உள்ளே விட்டதாலோ கெட்டவைதான்.

வாங்கும்போதே முதல் தவறு நேர்கிறது. எப்படியும் அரைக்கத்தானே போகிறோம் என்று, வெடித்துக் கசிந்த கடைசிப் பெட்டியை அடிவிலைக்கு எடுத்து வருகிறோம். தக்காளிக்குக் காவல் அதன் புளிப்பு. அதிகமாகக் கனிந்த பழத்திலும் நோய்பட்ட பழத்திலும் அந்தப் புளிப்பு குறைந்துவிடுகிறது. தொக்குக்கு நாட்டுத் தக்காளியும், வற்றலுக்குச் சதைப்பற்று மிகுந்த பெங்களூர்த் தக்காளியும் ஏற்றவை என்பது என் அனுபவம்.

தொக்கில் எண்ணெய் பிரிந்ததுமே அடுப்பை அணைத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிய வாணலியில் எண்ணெய் சீக்கிரமே மிதந்துவிடும். அப்போதும் விழுதுக்குள் நீர் இருக்கும். ஒரு கரண்டித் தொக்கை எவர்சில்வர் தட்டில் வைத்து, இரண்டு நிமிடம் கழித்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். தொக்கின் ஓரத்தில் வெளிறிய நீர் கசிந்தால் இன்னும் கிளற வேண்டும். சிவந்த எண்ணெய் மட்டும் வடிந்தால் பதம் வந்துவிட்டது. காதுக்கும் இது தெரியும்: கை சுடும்படி தெறிப்பது நின்று, எண்ணெயில் ஏதோ பொரிவதுபோன்ற மெல்லிய ஓசை கேட்கத் தொடங்கும். புளிக்கரைசலைக் கடைசியில் ஊற்றினால் வற்றவைத்த நீரை நாமே திருப்பி ஊற்றியதாகும். ஆகவே கொட்டை நீக்கிய புளியைத் தக்காளியோடு முதலிலேயே வேகவைக்க வேண்டும். வேதாரண்யத்துக் கல்லுப்பிலும் ஈரம் உண்டு என்பதால், வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும்வரை அதை வறுத்துச் சேர்ப்பதே நல்லது. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு வினைபுரியும். அவற்றை எடுக்கவே வேண்டாம்.

சூட்டோடு ஜாடியை மூடினால் ஆவி மூடியின் அடியில் முத்து முத்தாகத் திரண்டு தொக்கின்மேல் சொட்டும்; பூசணம் அந்த இடத்தில்தான் முதலில் பிடிக்கும். துணியால் வேடு கட்டி, முழுவதும் ஆறிய பிறகே மூட வேண்டும். பூசணம் பூத்துவிட்டால் மேலே உள்ளதை வழித்தெறிந்துவிட்டு அடித்தொக்கைச் சாப்பிடுவது, சிக்கனம் என்ற பெயரில் செய்யும் ஆபத்து.

இதைவிடப் பெரிய ஆபத்து, தக்காளியைக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைப்பதில் இருக்கிறது. தக்காளியின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் கூடக்கூடப் புளிப்பு குறைவு) ஏறத்தாழ 4.3 முதல் 4.9 வரை மாறும். அது 4.6-க்கு மேல் போனால், காற்றில்லாத பாட்டிலுக்குள் போட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர இடமுண்டு. அதன் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை, நஞ்சு கலந்திருப்பதை மணமோ நிறமோ காட்டிக்கொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல் சிட்ரிக் அமிலம் சேர்த்து, இறுக மூடும் உலோக மூடி போட்ட அரை லிட்டர் பாட்டிலை, மூடிக்கு மேலும் நீர் நிற்கும்படி மூழ்கவைத்து 45 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். தொக்குக்கு மாறாக, இதைச் சூட்டோடுதான் மூட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். பூண்டும் வெங்காயமும் புளிப்பைக் குறைப்பவை என்பதால் இந்தப் பாட்டிலில் அவற்றுக்கு இடமில்லை. பூண்டு சேர்த்த தொக்கை, மேலே எண்ணெய் நிற்கிறது என்ற தைரியத்தில் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

வற்றலில் தடித்த துண்டுதான் கெடுதல். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அரை விரற்கடை தடிமனுக்கு வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி, வேட்டித் துணியில் காயவைத்து, பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். காய்ந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் ஓரிரு நாள் மூடிவைத்து, உட்புறம் வியர்த்தால் மீண்டும் வெயிலில் போடுங்கள். புரட்டாசி வெயிலில் இன்னொருமுறை காட்டாமல் மழைக்காலத்துக்குள் நுழைந்தால் வற்றல் நமத்துவிடும்.

ஃப்ரீசரை மட்டும் நம்புவது, மழைக்காலத்தில் நம் பகுதிக்குப் பொருந்தாத தவறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டில் பன்னிரண்டு டப்பாத் தக்காளி விழுது ஃப்ரீசரில் இருந்தது. நிறைந்திருக்கும் ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். கரண்டு வரப் பல நாளாயிற்று. மூன்றாம் நாள் அத்தனை விழுதையும் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினோம். அந்த வாரம் முழுவதும் சோற்றுக்குத் துணையாக வந்தது, உறிப்பானைக்குப் பக்கத்தில் வேடு கட்டி வைத்திருந்த ஒரு ஜாடித் தொக்கு.